சாப்பாட்டு மேசை மேல் ஒரு லேத் மெஷின்

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்கள் நிரப்பிய படிவங்களில் பிழை கண்டுபிடிப்பதற்காகவே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு படிவத்தில் ஒரு வரி தள்ளி எழுதியதால்தான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் ஒரு லேத் மெஷின் வந்து உட்கார்ந்தது. அந்த நாளில் இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ரொம்ப நாள் யோசித்து வாங்கியது என்று சொன்னேன். இரண்டொருவரிடம், சின்ன வயதுக் கனவு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் பழைய சாமான்களைக் கழித்துக்கட்ட டெண்டர் விட்டிருந்தது. பட்டியலில் கண்ணாடிக் கதவு போட்ட தேக்குப் புத்தக அலமாரி ஒன்று இருந்தது. என் புத்தகங்கள் அப்போது கட்டிலுக்கு அடியில், பால் டின் வந்த அட்டைப்பெட்டிகளில் வசித்தன. அவற்றை என்னைவிடக் கரப்பான்கள்தான் ஊன்றிப் படித்தன. அலமாரியை நேரில் போய்ப் பார்த்தேன். மனைவியின் தையல் டேப்பை எடுத்து ஹால் சுவரை மூன்று முறை அளந்தேன். எதுவரை வரும் என்று சாக்பீஸால் கோடும் போட்டேன். பிறகு படிவத்தை வாங்கி, நீல மையில், மூன்று பிரதிகளிலும் முத்து முத்தாக எழுதினேன். தொகை மட்டும் அலமாரிக்கு நேராக விழாமல் அதற்கு அடுத்த வரியில் விழுந்தது. அந்த வரியில் இருந்தது: 'மேசை மேல் வைக்கும் சிஎன்சி லேத், பழையது, ஒன்று.' அதை வேறு யாரும் கேட்கவில்லை.

வாழ்த்துத் தெரிவித்துக் கடிதம் வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு, பிழையாக எழுதிவிட்டேன் என்று கைப்பட ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் சுற்றி வளைந்து கடைசியில் என்னோடு தினமும் தே தாரிக் டீ குடிக்கும் ஒருவர் மேசைக்குத்தான் வரும். அதற்கு லேத் மெஷினுக்குச் சொந்தக்காரனாக இருப்பது மேல் என்று முடிவு செய்தேன்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் மூன்று பேர் அதை லாரியிலிருந்து இறக்கினார்கள். ஆட்டுக்கல்லை நீட்டிவைத்தது போல இருந்தது. இடது கோடியில் கம்பியைக் கவ்வுகிற மூன்று பல் சக். வலது பக்கம் சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு பெட்டி. பெட்டியின் நெற்றியில் கேசட் நுழைக்க ஒரு வாய். மனைவி மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு நொடி ஹால் சுவரைப் பார்த்தாள். பிறகு தூக்கி வந்தவர்களிடம், "மேசையில வைங்க. இந்த வீட்ல வேற எது தாங்கும்?" என்றாள். அது அவள் அம்மா வீட்டுச் சீதனமான, இரும்பாய்க் கனக்கும் செங்கால் மர மேசை. அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

என் பரம்பரையைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர். அப்பா துறைமுகத்தில் கிளார்க். நான் மூன்றாவது. மூன்று தலைமுறையில் பென்சில் சீவியதைவிடப் பெரிய கடைசல் வேலை எங்களில் யாரும் செய்ததில்லை. மனைவி வீட்டார் நேர்மாறு. அவள் அண்ணன் நிபோங் தெபாலில், பைராம் தோட்டத்துக்குப் போகிற வழியில், மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். தோட்டத்து வண்டிகள் அத்தனையும் அவர் கை பட்டுத்தான் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்ரி பிடித்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். மெஷினை முதன்முதலில் பார்த்தபோது அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்; பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். எதற்கு மச்சான் என்று கேட்டார். திருகுக்கு மரை போடலாம், கடையலாம், எது வேண்டுமானாலும் செய்யலாம், எல்லாம் கம்ப்யூட்டர் என்றேன். கை கழுவப் போகும் வழியில் அவர் கேட்டார்: "செய்யப் போறது யாரு?"

அடுத்த வாரமே ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எப்போதும் இரண்டு பேனா, ஒரு ரூலர், ஒரு ரப்பர் ஸ்டாம்பு, இவைதான் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். அவற்றுக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் சாமி கொஞ்சம் சிரிப்பதாக எனக்குத் தோன்றும். அந்த வருடம் முதன்முறையாக வீட்டில் ஓர் ஆயுதம் இருந்தது. தலைகால் புரியவில்லை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மோட்டாருக்கு ஒன்று, சக்கிற்கு ஒன்று, சிவப்பு எண் பெட்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனேன். இடது கோடியில் மூடி தொலைந்துபோன இடத்தில் ஒரு கறுப்புத் தகடு தெரிந்தது. வட்டமாக, ஓரமெல்லாம் மெல்லிய கீறல் கீறலாக, அசல் பெருமாள் கைச் சக்கரம். அதற்குத் தனி மரியாதை. நடுவில் ஒன்றும், ஓரத்தில் கட்டை விரலால் அழுத்திப் பெரிதாக ஒன்றும் வைத்து, குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டினேன்.

மனைவி விழுந்து கும்பிட்டு எழுந்தாள். எழுந்ததும் சொன்னாள்: "தீபாவளிக்கு நாப்பது பேரு வருவாங்க. அதுக்குள்ள இதுல உருப்படியா ஒரு சாமான் செஞ்சு காட்டுங்க. இல்லன்னா சனிக்கிழம வர்ற லாரில ஏத்திருவேன்."

எந்த லாரி என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு, பழைய இரும்பும் பழைய பேப்பரும் எடுக்கிற லாரி ஒலிபெருக்கியில் "பெசி புருக்… பெசி புருக்…" என்று கூவிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வரும். மெஷின் வந்த நாளிலிருந்து அது எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போனது.

உருப்படியான சாமான் எது என்பதையும் அவளே தீர்மானித்தாள். அவளுடைய பித்தளை முறுக்கு அச்சை எடுத்து வந்து மெஷின் பக்கத்தில் வைத்தாள். மதுரையிலிருந்து யாரோ வாங்கி வந்தது. மேலே சுற்றுகிற கைப்பிடியை உள்தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு சின்னத் திருகு போன தீபாவளிக்குக் கழுவும்போது காணாமல் போயிருந்தது. திருகு இல்லாமல் சுற்றினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். சூலியா தெரு முழுக்க அலைந்தும் அதற்குப் பொருந்துகிற திருகு கிடைக்கவில்லை. எதைப் போட்டாலும் ஒரு சுற்று உள்ளே போய் இறுகிக்கொள்ளும். அண்ணன்காரர் ஒரு ஆணியை அடித்து வளைத்துவிட்டால் போதும் என்றார். அச்சை அவர் தொடக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். "இவரு செய்வாரு. ரொம்ப நாளா யோசிச்சு வாங்கின மெஷினாச்சே" என்றாள். அதில் கேலி இருந்ததா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

மெஷினோடு ஒரு கையேட்டின் ஜெராக்ஸ் வந்திருந்தது, இடையிடையே பக்கங்கள் இல்லாமல். முதல் பாடம், மெஷினை உறுதியான, மட்டமான மேசை மேல் வைக்கவும் என்பது. அதில் நாங்கள் தேறிவிட்டோம். இரண்டாவது பாடம் எண்களை அழுத்துவது. வெட்டுகிற டூல் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை எண்ணாக அடிக்க வேண்டும். இருபது மில்லிமீட்டர் நகரட்டும் என்று இருபதை அடித்தேன். மெஷின் 'ங்' என்றது. டூல் நகர்ந்ததாகத் தெரியவில்லை. மறுபடி இருபது. மறுபடி 'ங்'. ஆறேழு தடவை ஆனபிறகு கையேட்டைப் புரட்டினால், எல்லா எண்ணும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. அதாவது நான் அதைத் தலைமுடி அளவுக்கு நகரச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது. சரி என்று இரண்டாயிரம் அடித்தேன். இந்தத் தடவை டூல் ராகம் பாடிக்கொண்டே நேராகப் போய் சக்கில் முட்டி, அங்கேயே நின்று கடகடவென்று பல்லைக் கடித்தது. சமையலறையிலிருந்து மனைவி, மிளகாய் அரைக்கிறீர்களா என்று கேட்டாள்.

பித்தளை விலை போகிற பொருள். என் கையில் அது வீணாகிவிடும். எனவே பழகுவதற்கு வேறொன்று தேடினேன். மெழுகுவர்த்தி சக்கில் இறுக்கியதும் நொறுங்கியது. சமையலறைக் கூடையில் ஒரு வெள்ளை முள்ளங்கி இருந்தது. மெஷினைத் துடைத்து, முள்ளங்கியைக் கவ்வ வைத்து, ஒவ்வொரு வரியாக அடித்து, பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மெஷின் தானாக முன்னால் போனது, தானாகப் பின்னால் வந்தது, ஒரு படி இறங்கிக் கடைந்தது, இன்னொரு படி இறங்கிக் கடைந்தது. முள்ளங்கிச் சுருள் நூல் நூலாகப் பறந்து என் கண்ணாடியில் ஒட்டியது. நான் எழுதியது நடக்கிறது! இருபத்திரண்டு வருடமாக நான் எழுதியது எதுவும் நடந்ததில்லை. கோப்பில் ஏறும், அவ்வளவுதான். இங்கே நாற்பது என்று எழுதினால் முள்ளங்கியில் நாற்பது குறைகிறது. மூன்று படியும் நுனியில் ஒரு குமிழுமாக அது சக்கிலிருந்து வெளியே வந்தபோது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மறுநாள் கூடையிலிருந்த மிச்ச மூன்று முள்ளங்கியையும் கடைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன்காரர் மடியில் தட்டோடு உட்கார்ந்து, சாம்பாரில் கரண்டி விட்டுத் துழாவினார். கரண்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

"மச்சான், சாம்பார்ல செஸ் காய் கெடக்கு."

"அது முள்ளங்கி," என்றாள் மனைவி. "நாலும் ஒரே அளவு. ஒரே நேரத்துல வெந்துச்சு, அத சொல்லணும்."

அன்றைக்கு இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரையே வேலி வரை அழைத்து வந்தது. எனக்கு ரோஷமே வரவில்லை. அண்ணன்காரர் போகும்போது அந்தக் குமிழ் முள்ளங்கியைப் பட்டறையில் காட்டுவதற்குக் கேட்டார். சாப்பிட்டாயிற்று என்று வருத்தத்தோடு சொன்னேன்.

சந்தோஷம் அந்த வாரத்தோடு சரி. முள்ளங்கியில் படி கடைவது ஒன்று, பித்தளையில் மரை போடுவது வேறொன்று. அச்சின் ஓட்டையையும் அதன் மரையையும் அண்ணன்காரர் அளந்து சொல்லிவிட்டார். பித்தளைக் கம்பியை அந்தத் தடிமனுக்குக் கடைவதும் இரண்டு நாளில் கைவந்தது. மினுமினுவென்று மஞ்சள் தூள் மேசை முழுக்கச் சிதறி, மனைவியின் ஈரத்துணியில் தினமும் தங்கம் ஏறியது. ஆனால் மரை போடுகிற வரி வந்ததும் மெஷின் நின்றுவிடும். சக் சுற்றும். டூல் தன் இடத்துக்கு வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு தலைமுடி அளவும் நகராது. நான் காத்திருந்தேன். அதுவும் காத்திருந்தது. அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரிந்த நிற்பு. மேலதிகாரியின் கையெழுத்து வராமல் ஒரு கோப்பு இப்படித்தான் நிற்கும். யாரோ எங்கிருந்தோ 'ஆகட்டும்' என்று சொல்ல வேண்டும்; சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பது மட்டும் தெரியவில்லை. கையேட்டில் மரை போடும் பாடத்தின் இரண்டாம் பக்கம் ஜெராக்ஸில் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. சுவிட்சை அணைத்தால் மெஷினுக்கு எல்லாம் மறந்துவிடும். நான் அடித்த நாற்பது வரியும் போய்விடும். அந்த மேசைக்குப் பக்கத்துப் பிளக்கில்தான் சோறு வேகிற குக்கரும் போட வேண்டும். கேசட்டில் பதிந்து வைக்கலாம் என்று கையேடு சொன்னது. வீட்டில் இருந்த கேசட்டுகளில் பாட்டுக் கேசட் ஒன்றையும் தொடவிடவில்லை மனைவி. மிச்சம் ஒன்றுதான்: கிளார்க்குகள் சங்கத்து ஆண்டு விருந்தில் நான் ஆற்றிய உரை. முப்பது நிமிடம். இரண்டு இடத்தில் கைதட்டல் உண்டு. நான் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத போடுங்க," என்றாள் மனைவி, யோசிக்கவே யோசிக்காமல். "அந்த டேப்புல இனிமேயாவது உருப்படியா ஒன்னு இருக்கட்டும்."

பதிந்தேன். இலக்கியமும் தொழிற்சங்க வரலாறும் கலந்த அந்த உரை இருந்த இடத்தில் இப்போது கீ… என்று தேவாங்கு கத்துவது போல ஒரு சத்தம் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. மனைவி காலையிலேயே மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டாள். எண்ணெய்ச் சட்டி அடுப்பருகே தயாராக இருந்தது. அண்ணன்காரர் ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார், அதுவும் கைத்தடிமன் கயிற்றோடு. மெஷினைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் மெஷின் பக்கம் திரும்பினேன். கேசட்டைப் போட்டு, கீ என்று கத்த விட்டு, கடைசியாக ஒரு தடவை பச்சைப் பொத்தானை அழுத்தினேன். டூல் வந்தது. நின்றது. காத்திருந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒலிபெருக்கி கேட்டது. பெசி புருக்…

அந்த மெஷினை எனக்குப் பிடித்துப்போயிருந்தது என்பதே அப்போதுதான் உறைத்தது. தவறி வந்ததுதான், ஆனால் வாழ்க்கையில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஜீவன் அதுதான். அதை லாரியில் பார்ப்பதைவிட அலமாரி இல்லாமலே சாகலாம். அண்ணன்காரர் கயிற்றைச் சுற்றுவதற்காக இடது பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"மச்சான். இது என்ன, இந்தத் தட்டுல?"

"சந்தனம்," என்றேன். "ஆயுத பூஜைக்கு வெச்சது."

அவர் அந்தக் கறுப்புத் தகட்டை விரலால் மெல்லச் சுற்றினார். அதன் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கவ்வி இருந்தது. ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண். கீறல்கள் வழியாக வெளிச்சம் போய் வருவதை எண்ணித்தான் சக் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மெஷின் தெரிந்துகொள்கிறது என்றார். அந்தக் கீறல்களிலிருந்து விலகித் தனியாக ஒரே ஒரு கீறல் இருந்தது. ஒரு சுற்று முடிந்தது, இப்போது புறப்படு என்று டூலுக்குச் சொல்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அதன் மேல்தான் என் கட்டை விரல் அளவுக்குச் சந்தனம், மூன்று வாரத்தில் சிமென்டாகக் காய்ந்து, குங்குமத்தோடு மங்களகரமாக உட்கார்ந்திருந்தது.

அண்ணன்காரர் பக்திமான். அவர் பட்டறையில் பொட்டில்லாத வண்டி கிடையாது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, பரிதாபம் இருந்தது.

"பொட்ட நெத்தியில வைக்கணும், மச்சான். நீங்க அதோட கண்ணுல வெச்சிருக்கீங்க."

காது குடைகிற பஞ்சுக் குச்சி, வெந்நீர், மனைவியின் பழைய பல் துலக்கும் பிரஷ். அவர் சுரண்டினார், நான் குச்சி எடுத்துக் கொடுத்தேன். ஒலிபெருக்கி எங்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டது. பொத்தானை அழுத்தினேன். சக் சுற்றியது. டூல் வந்தது, நின்றது. பிறகு யாரோ காதில் சொன்னது போலச் சட்டென்று புறப்பட்டு, ஒரே மூச்சில் பித்தளை மேல் கோடு இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்தது. அதே கோட்டில், ஒரு இம்மி பிசகாமல், மறுபடி போனது. போய் வரப் போய் வரப் பள்ளம் ஆழமானது. மரை, அசல் மரை, என் கண் முன்னால் முளைத்தது. நான் கத்தினேனாம். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கையெழுத்து ஆயிற்று, கையெழுத்து ஆயிற்று என்று கத்தியதாக மனைவி சொல்கிறாள்.

லாரி வாசலில் வந்து நின்றபோது அண்ணன்காரர் திருகை வெட்டி எடுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, என் கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. முறுக்கு அச்சில் வைத்துத் திருகினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. இறுகவில்லை. வெண்ணெயில் போவது போல அடி வரை போனது. கைப்பிடியைச் சுற்றினால் உள்தண்டு சமர்த்தாக இறங்கியது. மனைவி அச்சை வாங்கி, தானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு வெளியே போய் லாரிக்காரனிடம் ஒரு கட்டுப் பழைய பேப்பரைக் கொடுத்தாள். அவன் ஜன்னல் வழியாக மேசையை எட்டிப் பார்த்து, அது இல்லையா என்று கேட்டான். "தா அடா லா," இல்லை என்று மலாயில் சொல்லி அவனை அனுப்பிவிட்டு, வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதல் முறுக்கு எண்ணெயிலிருந்து வந்ததும் அதை மூன்றாக உடைத்தோம். நான் அன்றைக்குச் சாப்பிட்டது மொத்தம் பதினெட்டு. எண்ணியது அண்ணன்காரர்.

தீபாவளியன்று நாற்பதுக்கு மேல் வந்தார்கள். மெஷின் மேசையை விட்டு நகரவில்லை. அதன் மேல் ஒரு பூப்போட்ட விரிப்பைப் போட்டு, விரிப்பின் மேல் முறுக்குத் தட்டை வைத்திருந்தாள். உள்ளே பெரிய கேக் இருப்பதாகப் பலர் நினைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் விரிப்பைத் தூக்கிக் காட்டினேன், அச்சைக் காட்டினேன், திருகைக் கழற்றிக் காட்டினேன். அலுவலகத்துத் தே தாரிக் நண்பரும் வந்திருந்தார். எப்படி இந்த யோசனை வந்தது என்று வியந்து கேட்டார். ஒரு நாளில் வந்ததில்லை, பல வருடமாக மனதில் இருந்தது, அதனால்தான் குறி வைத்து டெண்டர் போட்டேன் என்று ஒரு சிற்றுரை ஆற்றினேன். சங்கத்து உரையைவிட அது நன்றாக வந்தது. கையில் இஞ்சித் தண்ணீர்த் தட்டோடு மனைவி பின்னால் நின்று கடைசி வரை கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று மெஷினோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் ஒரு இழுப்பில் அழித்தாள். துணியைப் பிழிந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"அந்தக் கண்ணாடிக் கதவு அலமாரி, கடைசியில யாருக்குக் கெடச்சுதுன்னு விசாரிச்சீங்களா?"